பறவைச் சுற்றுலா வழிகாட்டி: காட்டத் தெரிந்தால்தான் தொழில்

பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்தால் போதும், வழிகாட்டியாகிவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். சிக்கல் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இலைக்குள் அசையும் கதிர்க்குருவி உங்கள் கண்ணில் இரண்டு நொடியில் பட்டுவிடும். பின்னால் நிற்கும் ஏழு பேரில் நாலு பேர் தவறான மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். குருவி பறந்துபோவதற்குள் ஏழாவது ஆளுக்கும் அதைக் காட்டியாக வேண்டும். சம்பளம் அதற்குத்தான். காதைப் பழக்குவது முதல் கட்டணம் போடுவது வரை இங்கே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த ஏழாவது ஆளை மனதில் வைத்துச் சொன்னவை.

இதில் இரண்டு வகை வேலை உண்டு. ஒரு காட்டையோ சதுப்புநிலத்தையோ கழிமுகத்தையோ உள்ளங்கைபோல் தெரிந்துவைத்துக்கொண்டு, வருகிறவர்களை நாள் கணக்கில் அழைத்துப்போகிறவர் உள்ளூர் வழிகாட்டி. ஒரு குழுவோடு கிளம்பி, பல இடங்களைச் சுற்றி, தங்குமிடம், வண்டி, சாப்பாடு, சண்டை எல்லாவற்றையும் சமாளித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர் சுற்றுலாத் தலைவர். சுற்றுலாத் தலைவருக்குப் பெயரும் பயணமும் அதிகம் என்பதால் எல்லோரும் அதற்கே ஆசைப்படுவார்கள். முதல் வகையில் இரண்டு பருவமாவது ஓட்டாமல் அதற்குப் போகாதீர்கள். பறவை தேடுவது பழக்கமாகிவிட்டால்தான் மனிதர்களைக் கவனிக்க மூளையில் இடம் மிஞ்சும்.

கண்ணுக்கு முன் காது

அடர்ந்த காட்டில் பெரும்பாலான பறவைகளை முதலில் கண்டுபிடிப்பது காதுதான். உங்கள் பகுதியில் வழக்கமாகக் கேட்கும் குரல்களில் பத்துக்கு ஒன்பதை யோசிக்காமல் சொல்ல முடிந்தால்தான் காசு வாங்கலாம். யோசிக்காமல் என்பது முக்கியம். "இது என்ன குரல்?" என்று நீங்கள் நின்று யோசிக்கும் நேரத்தில் அந்தப் பறவை போய்விடும்.

முதலில் அடிக்கடி கேட்கும் 40 பறவைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரிய பறவையின் குரலைத் தனியாக மனப்பாடம் செய்வதால் பெரிய பலன் இல்லை. பழகிய குரல்கள் எல்லாம் காதில் தாமாகவே கழிந்துபோகும் நிலை வரும்போது, பழகாத ஒன்று தானே துருத்திக்கொண்டு நிற்கும். 2005இல் தொடங்கிய ஜெனோ-கான்டோ தளத்தில் உலகப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு இனத்துக்கு ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் பறவையை விட்டுவிட்டு அந்தப் பதிவைத்தான் மனப்பாடம் செய்வீர்கள். ஐந்தாறு பதிவுகளாவது வேண்டும்: பாட்டு, தொடர்புக் குரல், எச்சரிக்கைக் குரல், குஞ்சு இரை கேட்கும் குரல். ஒவ்வொன்றையும் கேட்டவுடன் உங்கள் சொல்லில் எழுதிவையுங்கள். "ஈரக் கண்ணாடியை விரலால் தேய்த்தது மாதிரி, மூன்று தடவை, கடைசியில் இறங்கும்" என்று நீங்களே எழுதியது, புத்தகத்தில் அச்சிட்ட ஒலிக்குறிப்பைவிட நன்றாக நினைவில் நிற்கும். பிறகு பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்துப்போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

மெர்லின் செயலி 2021 முதல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. உங்கள் குழுவில் பாதிப்பேர் அதைக் கையில் திறந்து வைத்திருப்பார்கள். அதோடு போட்டி போடவேண்டாம். அது எங்கே தடுமாறும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். பிற பறவைகளின் குரலைப் போல் பாடும் கரிச்சான்களும் மைனா வகைகளும் அதை ஏமாற்றும். ஓடை இரைச்சலில் மெல்லிய குரல்கள் அதற்குப் பிடிபடாது. திரையில் பெயர் வந்ததும் ஒருவர் அதைப் பட்டியலில் ஏற்றிக்கொள்வார். அது வேறு பறவை போலிக்குரல் எழுப்பியது என்று முகம் சுண்டாதபடி சொல்லத் தெரிய வேண்டும்.

பார்வையில் இடறுவது பெரும்பாலும் பெண் பறவை, இளம் பறவை, இறகுதிர்க்கும் பறவை ஆகியவற்றில்தான். கள வழிகாட்டி நூல்களில் ஆண் பறவைதான் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கும், களத்தில் எதிரே வருவது சாம்பலும் பழுப்புமாக ஒன்று. குளிர்காலத்து உள்ளான்களில் கால் நிறம், அலகின் நீளமும் வளைவும், இரை தேடும் விதம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சேறு ஒட்டிய கால் எல்லாமே கறுப்பாகத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள்.

பெயர்களில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து வருகிறவர் டைவர் என்று சொல்லும் நீர்ப்பறவையை வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர் லூன் என்பார். இருவருக்கும் பொதுவானது காவியா என்ற அறிவியல் பெயர்தான். ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள இனங்களின் அறிவியல் பெயர்களைப் பேரினம் வரையிலாவது தெரிந்துவைத்திருங்கள். உலகப் பறவைப் பட்டியல்களும் நெடுங்காலம் பலவாக இருந்தன. அவற்றை ஒன்றாக்கும் முயற்சியாக 2025 ஜூனில் வெளியான ஏவிலிஸ்ட் 11,131 இனங்களைக் கணக்கிடுகிறது. ஆனாலும் ஒவ்வொருவரும் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு துணை இனம் நாளை தனி இனமாகப் பிரிக்கப்படலாம் என்ற எதிர்பார்ப்பில் அதைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் "அதே பறவைதானே, அங்கேயே பார்த்திருப்பீர்களே" என்று சொன்னால் அன்றைய நாள் அதோடு கெட்டது.

இடத்தைப் படிப்பது

நோட்டில் ஒவ்வொரு முக்கியப் பறவைக்கும் மூன்று இடம் இருக்க வேண்டும். ஒன்று ஏமாற்றினால் அடுத்தது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. ஒவ்வொரு இடத்துக்கும் எழுதிவைக்க வேண்டியவை: எந்த நேரம், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எத்தனை பேர் நிற்க முடியும், அருகில் என்ன மரம் எப்போது பழுக்கிறது, வண்டியை எங்கே நிறுத்துவது. எத்தனை பேர் நிற்க முடியும் என்பதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். தனியாகப் போய்ப் பார்த்துவைத்த அருமையான இடத்தில் இரண்டு பேர்தான் நிற்க முடியும் என்பது எட்டுப் பேரோடு போனபிறகுதான் உறைக்கும்.

வெளிச்சத்தை முதுகில் வாங்கும்படி நில்லுங்கள். சூரியனுக்கு எதிரே பார்த்தால் பச்சை, நீலம், பழுப்பு எல்லாமே கறுப்பு உருவம்தான். கழிமுகத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரத்தைவிட அலையேற்றம். நீர் இறங்கியிருக்கும்போது உள்ளான்கள் சேற்றுவெளி முழுவதும் சிதறி, தூரத்துப் புள்ளிகளாக நிற்கும். நீர் ஏற ஏற அவை கரைக்கு நெருங்கி ஒரே இடத்தில் குவியும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கே போய் நின்றுகொண்டால் அவை உங்களை நோக்கி வரும். தாமதமாகப் போய் நீங்கள் அவற்றை நோக்கி நடந்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

வழிகாட்டிக்கு 8×42 பைனாகுலர்தான் என் பரிந்துரை. 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முகப்புவில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. 10×42இல் அது 4.2தான். விடியலிலும் அடர்காட்டிலும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 8 மடங்கில் காட்சிப்பரப்பும் அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். திறந்த வெளியில் தூரம் பார்க்க 10 மடங்கு வேண்டும் என்று வாதிடுவார்கள். அதற்குத்தான் ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்கோப் இருக்கிறது.

ஸ்கோப் உங்களுக்காக வாங்குவதல்ல, குழுவுக்காக வாங்குவது. அதனால் கண்வில்லை சாய்வாக இருக்கும் வகையை எடுங்கள். நேர்வகையில் உயரமானவர் குனிவார், குள்ளமானவர் எக்குவார், ஆளுக்கு ஆள் ட்ரைபாடை ஏற்றி இறக்கவேண்டும், அதற்குள் பறவை போய்விடும். சாய்வு வகையில் குழுவிலேயே குள்ளமானவரின் கண் உயரத்துக்கு வைத்துவிட்டால் மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். மலையும் காடும் ஏறி இறங்குவதென்றால் 65 மி.மீ. முகப்புவில்லை போதும். நீர்நிலை, கடற்கரை என்றால் 80 அல்லது 85. அதன் எடையை ஏற்கெனவே சுமந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கோப்பில் காட்டும் முறை இப்படி. மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் பறவையை நடுவில் கொண்டுவாருங்கள். ட்ரைபாட் தலையைப் பூட்டுங்கள். பூட்டும்போது ஸ்கோப்பின் முனை சற்றே கீழே இறங்கும், அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே கொஞ்சம் மேலே வையுங்கள். தொடாமல் விலகி நில்லுங்கள். "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள்" என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவரால்தான் பாதி நேரம் பறவை காட்சியிலிருந்து நழுவுகிறது. முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நொடி. எல்லோரும் பார்த்தபின் இரண்டாவது சுற்றில் ஆற அமரப் பார்க்கலாம், உருப்பெருக்கத்தைக் கூட்டலாம். மூன்று நொடி விதியைச் சொல்லாமல் விட்டால் முதல் ஆள் அரை நிமிடம் ரசிப்பார், நான்காவது ஆள் வெறும் கிளையைப் பார்ப்பார்.

பச்சை லேசர் சுட்டி அடர்காட்டில் பெரிய உதவி. 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். பறவையின் மேல் ஒருபோதும் அடிக்கக்கூடாது. அதற்கு ஒரு மீட்டர் கீழே உள்ள கிளையில் புள்ளியை வைத்து, "புள்ளிக்கு நேர் மேலே" என்று சொல்லுங்கள். மனிதர் முகத்துப் பக்கமோ வானத்தை நோக்கியோ திருப்பக்கூடாது. சில நாடுகளில் வைத்திருப்பதற்கே தடை உண்டு, பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கமாகிவிட்டால் வாயால் இடம் சொல்லும் திறமை மழுங்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இவை தவிர ஒரு உபரி பைனாகுலர் (யாராவது ஒருவருடையது நிச்சயம் பனியில் மங்கும் அல்லது கீழே விழும்), தலைவிளக்கு, முதலுதவிப் பை, குடிநீர்.

இடம் சொல்வது

"அதோ, அந்த மரத்தில!" என்பதைப் போலப் பயனற்ற வாக்கியம் இந்தத் தொழிலில் வேறு இல்லை. சொல்லும் வரிசை மாறவே கூடாது: முதலில் பெயர், பிறகு உயரம் அல்லது தூரம், பிறகு யாராலும் தவறவிட முடியாத ஒரு பெரிய அடையாளம், அங்கிருந்து பறவை வரைக்கும் வழி. எடுத்துக்காட்டாக: "மரங்கொத்தி. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல. எதிர்ல ரெண்டு வெள்ளைத் தண்டு மரம் தெரியுதா? வலது பக்க மரம். தரையிலேருந்து ஏறுங்க, முதல் கிளை இடது பக்கம் பிரியுது, அதுல பாதி தூரம், கிளைக்கு அடியில தொங்குது." பெயரை முதலில் சொல்வதற்குக் காரணம், மரங்கொத்தி என்று காதில் விழுந்ததும் கண் தண்டுகளைத் தேடத் தொடங்கிவிடும்.

கடிகார முறையும் உதவும். ஒற்றை மரமென்றால் அதன் உச்சி 12 மணி, அடித்தண்டு 6 மணி. "நாலு மணி, விளிம்புலேருந்து ஒரு கை உள்ளே" என்றால் போதும். வண்டியில் போகும்போது வண்டியின் மூக்குதான் 12. மரத்தின் கடிகாரமும் வண்டியின் கடிகாரமும் குழம்பாமல் இருக்க, முதல் நாள் காலையில் ஒரு சாதாரணக் காக்கையை வைத்தே ஒத்திகை பாருங்கள்.

எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பறவையின் வாழ்க்கை முறையை விளக்காதீர்கள். இடத்தை மட்டுமே சொல்லுங்கள். அடுத்து, "எல்லோரும் பார்த்தாச்சா?" என்று கேட்காதீர்கள். பார்க்காதவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார். "யாருக்கு இன்னும் கிடைக்கலை?" என்று கேட்டால் கை உயரும். உயர்ந்த கைக்குப் பக்கத்தில் போய், அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணிலிருந்து பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் தெரியும் இடைவெளி அவர் நிற்கும் இடத்தில் இருக்காது, பெரும்பாலும் கோளாறு அதுதான்.

குறுகிய பாதையில் வரிசையாகப் போகும்போது முன்னால் நடக்கும் இரண்டு பேருக்கே எல்லாம் கிடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் நிற்பவர் பின்னால் போகும்படி வரிசையை மாற்றுங்கள். வண்டியிலும் தினமும் இருக்கை மாற்றம். இதை நீங்கள் செய்யாவிட்டால் மூன்றாம் நாள் விருந்தினர்களே செய்வார்கள், சண்டையோடு. புதருக்குள் ஒளியும் பறவையென்றால் முன்வரிசை உட்கார, நடுவரிசை குனிய, பின்வரிசை நிற்கட்டும். நீங்கள் கடைசி. விருந்தினர் பறவையைத் தேடிக்கொண்டிருக்கையில் வழிகாட்டி படம் எடுத்துக்கொண்டிருந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

உறுதியாகத் தெரியாத பறவைக்குப் பெயர் வைக்காதீர்கள். "வல்லூறு வகை, மேற்கொண்டு சொல்ல முடியவில்லை" என்பது முழுமையான பதில். தவறாகச் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே திருத்திவிடுங்கள். குழுவில் உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் வாயைத் திறக்காமல் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஒலி போட்டு அழைப்பது, கூடு, இரை

பதிவுசெய்த குரலைப் போட்டால் தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துப் பறவை வெளியே வரும். அது சண்டைக்கு வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். இரை தேடவும் குஞ்சுக்கு ஊட்டவும் வேண்டிய நேரமும் சக்தியும், உண்மையில் அங்கே இல்லாத ஓர் எதிரியின் மேல் செலவாகின்றன. அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையும், கூட்டம் அதிகம் வரும் இடங்களிலும் அரிய, அழிவுநிலை இனங்களிடமும் ஒலிப்பதிவைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அனுமதியே இல்லாத சரணாலயங்களும் உண்டு.

போடுவதென்றால்: முதலில் எல்லோரையும் நிற்க வைத்து, எந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடுங்கள். 15 அல்லது 20 நொடி போட்டு நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் காத்திருங்கள். பதில் குரல் வந்தால் அதற்குமேல் போட வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். மூன்று தடவைக்குப் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒலியைக் கூட்டுவதால் பறவை நெருங்காது. உண்மையான பறவையைவிட உரத்த குரல் கேட்டால் பல இனங்கள் பின்வாங்கும். ஒரே இடத்தில் தினமும் போட்டால் சில வாரங்களில் பறவை காது கொடுப்பதை நிறுத்தும், அல்லது இடத்தையே காலி செய்யும். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கும்தான்.

ஆந்தைக்கு விளக்கை நேராக முகத்தில் அடிக்காமல், ஒளிவட்டத்தின் விளிம்பு மட்டும் அதன் மேல் படும்படி கீழே பிடியுங்கள், சில நொடிகள் போதும். கூட்டைக் காட்டுவதைத் தொழிலாக்காதீர்கள். தாய் பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், நீங்கள் ஒதுக்கிவிட்ட இலை வழியே காக்கை வரும். அழிவுநிலை இனங்கள் சிலவற்றின் இருப்பிடத்தை, பறவை நோக்கர்கள் தாங்கள் பார்த்தவற்றைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் தளமே மறைத்துவைக்கிறது. விருந்தினரின் கேமராவில் ஜிபிஎஸ் பதிவு இருந்தால் அது அம்பலமாகிவிடும் என்பதால், முன்கூட்டியே அணைக்கச் சொல்லுங்கள்.

இரை வைத்துப் பழக்குவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எக்குவடோரில் ஏஞ்சல் பாஸ் என்ற விவசாயி, காட்டுத்தரையில் பதுங்கி வாழும் ராட்சத ஆன்ட்பிட்டாவை மண்புழு கொடுத்துப் பழக்கினார். மரியா என்று அதற்குப் பெயரும் வைத்தார். யாரும் பார்க்கவே முடியாத பறவையைக் காண உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்ததில், மரம் வெட்டி விற்க இருந்த காடு நின்றபடியே வருமானம் தந்தது. சரியான இரை, குறைந்த அளவு, ஒரே ஆள், ஒரே நேரம் என்ற கட்டுப்பாட்டோடு செய்தால் இது நடக்கும். ஆளாளுக்குத் தீனி போட ஆரம்பித்தால் நோயும் வேட்டை மிருகமும்தான் வரும்.

நாளையும் பயணத்தையும் அடுக்குவது

விடிவதற்கு அரை மணி முன்பு இடத்தில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு இல்லை, இருப்பதற்கு. முதல் மூன்று நாலு மணி நேரம்தான் காட்டுப் பறவைகளுக்கு நல்ல நேரம். வெயில் ஏறித் தரை சூடாகும்போது வெப்பக்காற்றில் ஏறும் பருந்துகளைப் பார்க்கலாம். நடுப்பகலில் ஓய்வு கொடுங்கள். ஓய்வே இல்லாமல் ஓட்டினால் கூடுதலாக இரண்டு இனம் கிடைக்கும், மாலையில் ஆறு இனத்தைத் தூக்கத்தில் தவறவிடுவார்கள். நடை மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். கழிப்பறை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, எங்கே என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கூச்சத்தால் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

முதல் நாளைத் திறந்த நிலத்தில், பெரிய பறவைகளோடு வையுங்கள். பைனாகுலர் கை பழகாத நிலையில் அடர்காட்டுக்குள் கொண்டுபோனால் எல்லோருக்கும் சோர்வுதான். முக்கியப் பறவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பாவது திட்டத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது லைஃபராக, அதாவது வாழ்நாளில் முதன்முறை பார்ப்பதாக, அமையும் பறவையைக் கடைசி நாள் காலைக்கு வைக்காதீர்கள். அன்று மழை பெய்தால் முழுப் பயணமும் அந்த மழையாகவே நினைவில் நிற்கும். ஆந்தை தேடும் இரவுகளை அடுத்தடுத்து வைக்கக்கூடாது. குழு ஆறிலிருந்து எட்டு, அதற்குமேல் போனால் இரண்டாவது வழிகாட்டி.

தினமும் இரவு பட்டியல் வாசிப்பு உண்டு. வரிசைப்படி பெயர்களைச் சொல்லி, யார் எதைப் பார்த்தார், எதைக் குரல் மட்டும் கேட்டார் என்று குறிப்பது. இதை அரை மணிக்குள் முடிக்க வேண்டும். இங்கேதான் யாருக்கு எது தவறியது என்பது வெளியே வரும். மறுநாள் திட்டத்தை அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பாம்பு, யானை, கரடி பற்றி எல்லோரும் கேட்பார்கள். சாலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 8,000 இனங்களுக்கு மேல் பார்த்து உலகச் சாதனை படைத்திருந்த ஃபீபி ஸ்நெட்சிங்கர் 1999இல் மடகாஸ்கரில் இறந்தது வண்டி கவிழ்ந்துதான். வண்டி ஓட்டத் தனி ஆள் வையுங்கள். ஓட்டிக்கொண்டே பறவை பார்க்கிறவர் இரண்டையும் ஒழுங்காகச் செய்வதில்லை. இரவில் நெடுந்தூர ஓட்டம் வேண்டாம். ஓட்டுநருக்கும் தூங்க இடமும் நேரமும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

வருகிறவர்கள்

முன்பதிவின்போதே நாலு கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: எவ்வளவு தூரம் நடக்க முடியும், காது எப்படி, மருந்து என்ன, கண்டிப்பாகப் பார்க்க விரும்பும் பத்துப் பறவை எவை. காது முக்கியம். வயதானால் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். ஐரோப்பாவின் கோல்ட்கிரெஸ்ட் என்ற சிறு பறவையின் பாட்டு சுமார் 7,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அறுபதைத் தாண்டிய பலருக்கு அது கேட்பதே இல்லை. "கேட்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாமல், பறவையைக் கண்ணில் காட்டப் பாருங்கள்.

படம் எடுக்கிறவர்களும் பட்டியல் போடுகிறவர்களும் ஒரே குழுவில் இருந்தால் விதியை முதல் மாலையே சொல்லிவிடுங்கள்: எல்லோரும் ஒருமுறை பார்க்கும் வரை யாரும் முன்னேறக்கூடாது, வழிகாட்டியைத் தாண்டி எப்போதுமே போகக்கூடாது. துணைக்கு வந்த, பறவையில் ஆர்வமில்லாத கணவன் அல்லது மனைவியைக் கவனியுங்கள். பட்டாம்பூச்சி, மரம், ஒரு நல்ல நாற்காலி, எதையாவது கொடுங்கள். அவருக்கு அலுத்தால் இரண்டு பேர் அலுத்ததாகக் கணக்கு.

கட்டணம்

எட்டு நாள் பயணத்தை ஏதோ ஒரு நாணய அலகில் கணக்குப் போடுவோம். வண்டியும் ஓட்டுநரும் நாளுக்கு 40, மொத்தம் 320. உங்கள் கூலி நாளுக்கு 50, மொத்தம் 400. உங்கள் அறையும் சாப்பாடும் நாளுக்கு 15, மொத்தம் 120. அனுமதி, முன்னோட்டப் பயணம், விளம்பரம் 160. ஆக நிலைச்செலவு 1,000. விருந்தினர் ஒருவருக்கு அறை, சாப்பாடு, நுழைவு நாளுக்கு 30, மொத்தம் 240. குறைந்தது நாலு பேர் என்று வைத்தால் தலைக்கு 250 + 240 = 490. எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 539.

முகவர் 20 சதவீதம் எடுப்பார் என்றால் பெரும்பாலோர் 539க்கு மேல் 20 சதவீதம் கூட்டி 647 என்று விலை போடுவார்கள். அதில் முகவர் 20 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 518, தலைக்கு 21 நஷ்டம். 539ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், விலை 674. நாலு பேரோடு உங்கள் கூலி மட்டும் தேறும். லாபம் ஐந்தாவது ஆளிலிருந்துதான். எட்டுப் பேரை எதிர்பார்த்து விலை போட்டுவிட்டு நாலு பேரோடு கிளம்புகிறவர் தன் கூலியைத் தானே தின்கிறார். அன்பளிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

முன்பணம், மீதிக்கான கெடு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பொறுப்புக் காப்பீடு எடுங்கள். பல நாடுகளில் வழிகாட்டிக்கு உரிமம் கட்டாயம், அது பறவைக்கென்று தனியாக இருக்காது, பொதுச் சுற்றுலா உரிமமாக இருக்கும். பருவம் இல்லாத மாதங்களில் பறவைக் கணக்கெடுப்பு, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுகளுக்குக் களப்பணி, வகுப்பு எடுப்பது என்று வேறு வருமானம் இல்லாமல் ஆண்டு முழுவதும் ஓட்டுவது கடினம்.

உள்ளே நுழைவது

பறவை நோக்கர் குழுக்களின் இலவசக் காலை நடைகளை நடத்தித் தொடங்குங்கள். பிறகு அனுபவமுள்ளவரோடு இரண்டாவது வழிகாட்டியாக, வரிசையின் கடைசியில் நடந்து பழகுங்கள். தொழிலைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை, ஏழாவது ஆள் அங்கேதான் நிற்கிறார். இ-பேர்ட் போன்ற தளங்களில் நீங்கள் தொடர்ந்து இடும் பட்டியல்கள்தான் உங்கள் விண்ணப்பம். நோவா ஸ்ட்ரைக்கர் 2015இல் ஒரே ஆண்டில் 41 நாடுகளில் 6,042 இனங்களைப் பார்த்தது அந்தந்த ஊர்ப் பறவை நோக்கர்களை நம்பித்தான். அப்படி யாராவது தேடும்போது உங்கள் பெயர் அகப்பட வேண்டும். அரிய பறவையை மட்டும் போடுகிறவரைவிட, சாதாரணப் பறவைகளின் எண்ணிக்கையையும் ஒழுங்காக எழுதுகிறவரையே நிறுவனங்கள் நம்பும்.

மருத்துவ உதவி எளிதில் எட்டாத காட்டுப்பகுதிகளுக்கான முதலுதவிப் பயிற்சியில் 16 மணி நேரப் பாடமும், 70 முதல் 80 மணி நேர விரிவான பாடமும் உண்டு. நாள் நடைகளுக்கு முதலாவது போதும். மருத்துவமனைக்குப் பல மணி நேரம் ஆகும் இடங்களுக்குக் குழு அழைத்துப் போவதென்றால் இரண்டாவது இல்லாமல் போகாதீர்கள்.

பயணம் முடிந்தபின் பத்து நாளுக்குள் அறிக்கை அனுப்புங்கள். பார்த்த பறவைகள், இடம், தேதி, அதோடு தேடியும் கிடைக்காதவற்றின் பட்டியல். கிடைக்காததை மறைக்கிறவர்கள் அதிகம். ஆனால் அடுத்த பருவத்துக்கு முன்பதிவு செய்ய நினைக்கிறவர் அறிக்கையில் முதலில் தேடுவது அந்தப் பகுதியைத்தான். எத்தனை தடவை முயன்றீர்கள், ஏன் கிடைக்கவில்லை, மழையா, பழம் முன்னதாகவே முடிந்துவிட்டதா என்று எழுதியிருந்தால், உங்களுக்கு அந்த இடம் தெரியும் என்பது அவருக்குப் புரியும்.